காலையில் மடங்காத முட்டி: எத்தனை நிமிடம் என்று பார்த்தீர்களா?

ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளியில் சந்தை. அன்று பொழுது விடிவதற்கு முன்பே கடை திறந்தாக வேண்டும். ஆடு, மாடு ஓட்டி வருபவர்களும் காய்கறிக்காரர்களும் வந்து இறங்கும் நேரத்திலேயே டீத்தூளும் சர்க்கரையும் கேட்டு முதல் ஆள் வந்து நிற்பார். அந்த நேரம் பார்த்துத்தான் நம்மில் பலருக்குக் குனிந்து ஷட்டர் பூட்டைத் திறக்க முடிவதில்லை. முட்டி மடங்க மறுக்கிறது. சாவியைத் திருப்ப விரல் வரமாட்டேன் என்கிறது. பக்கத்துக் கடைப் பையனைக் கூப்பிட்டு, "தம்பி, இதைக் கொஞ்சம் தூக்கி விடுப்பா" என்று சொல்லிவிட்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றுமுற்றும் பார்க்கிறோம். எட்டு மணிக்கு எல்லாம் சரியாகி விடுகிறது. அரிசி மூட்டையைப் புரட்டுகிறோம், ஓடியாடி வியாபாரம் செய்கிறோம். "வயசாகுதில்ல" என்று ஒரு வார்த்தை சொல்லி அதோடு விட்டு விடுகிறோம்.

நாற்பது வயதைக் கடந்த வணிகர் நால்வர் கூடினால் வரிக்கு அடுத்தபடியாகப் பேசுவது முட்டி வலியைப் பற்றித்தான். பேசுகிறோமே தவிர, அதற்குக் கணக்கு வைப்பதில்லை. பத்து ரூபாய் பாக்கியைக்கூட நோட்டில் எழுதி வைக்கும் நாம், காலையில் எழுந்தபின் கை, கால் வசத்துக்கு வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒரு நாளாவது கடிகாரம் பார்த்ததுண்டா? மூட்டு நோய் மருத்துவர்கள் முதலில் கேட்கும் கேள்விகளில் இது ஒன்று. "எவ்வளவு வலிக்கிறது?" என்பதைவிட "எவ்வளவு நேரம் இறுக்கம் இருக்கிறது?" என்பதில்தான் அவர்களுக்குப் பல நேரம் நோயின் அடையாளம் கிடைக்கிறது.

அரை மணிக்குள் விட்டுப் போகும் இறுக்கம் பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம். இரண்டு எலும்புகள் சேரும் இடத்தில் வழவழப்பான குருத்தெலும்பு இருக்கிறது. அது உரசாமல் இருக்கப் பசை போன்ற நீர் ஒன்றும் இருக்கிறது. இரவு முழுவதும் அசையாமல் கிடக்கும் மூட்டில் அந்த நீர் சரியாகப் பரவாமல் இறுகினாற்போல் ஆகிறது. மார்கழி மாதத்தில் தேங்காய் எண்ணெய் டின்னைத் திறந்தால் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். வெயில் பட்டதும் இளகும் அல்லவா, அதுபோல பத்தடி நடந்ததும் முட்டி இளகுகிறது. (உவமைக்காகச் சொல்கிறோம், மூட்டு நீர் உண்மையில் எண்ணெய் போல் உறைவதில்லை.) கல்லாவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழும்போதும் இதே இறுக்கம் வந்தால், பெரும்பாலும் இந்த வகைதான். நடந்தால் இறுக்கம் விடும். ஆனால் அதிகம் நின்றாலோ படி ஏறினாலோ மாலையில் வலி கூடும்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் இறுக்கம் நீடித்தால், அதுவும் விரல் கணுக்கள், மணிக்கட்டு போன்ற சிறிய மூட்டுகளில், இரண்டு கைகளிலும் ஒன்றுபோல் வந்தால் விஷயம் வேறு. முடக்குவாதம் என்றும், பழைய வைத்தியர்கள் சரவாங்கி என்றும் சொன்ன நோய் இது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உட்சவ்வைத் தாக்குகிறது. இதில் அழற்சியைத் தூண்டும் பொருள்கள் விடியற்காலையில் இரத்தத்தில் ஏறுகின்றன. அழற்சியை அடக்கும் கார்ட்டிசால் என்னும் சுரப்பு நடு இரவில் குறைவாக இருந்து, விடியும்போதுதான் மேலே வருகிறது. இந்த இடைவெளியில்தான் கை இறுகிக் கிடக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வரும் நோய் இது. ஆகவே கடைக்கு வராமல் வீட்டில் மாவு பிசைந்து கொண்டிருப்பவரையும் கேட்டுப் பாருங்கள். "மோதிரம் காலையில் கழலவே இல்லை, மதியம் கழன்றுவிட்டது" என்று அவர் சொன்னால் அதைச் சாதாரணமாக விட்டுவிட வேண்டாம்.

நமக்குத் தெரிந்த ஒரு மளிகைக் கடை அம்மாவின் கதையைச் சொல்ல வேண்டும். கணவர் போனபின் தனியாளாகக் கடை நடத்தியவர். காலை பத்து மணி வரை சணல் கயிற்றில் முடிச்சுப் போட வராது. பொட்டலம் மடிக்க மகளைக் கூப்பிடுவார். "வாயு" என்று சொல்லி உருளைக்கிழங்கையும் கடலைப்பருப்பையும் நிறுத்தினார். இரண்டு வருடம் பார்த்தார். மருத்துவரிடம் போனபோது விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து விட்டிருந்தன. மருந்து கொடுத்து வலி நின்றது, வீக்கம் நின்றது. சாய்ந்த விரல் நிமிரவில்லை. முடக்குவாதத்துக்கு இன்று நல்ல மருந்துகள் இருக்கின்றன. ஆனால் அவை மூட்டு கெட்டுப் போவதைத் தடுக்குமே தவிர, கெட்ட மூட்டைப் பழையபடி ஆக்குவதில்லை. அறிகுறி தோன்றிய முதல் சில மாதங்களுக்குள் மருந்து தொடங்கியவர்களே அதிகப் பயன் அடைகிறார்கள். அந்த அம்மா உருளைக்கிழங்கை நிறுத்திய அந்த இரண்டு வருடம்தான் மருந்து வேலை செய்திருக்க வேண்டிய காலம்.

இந்நோய்க்குப் பரவலாகக் கொடுக்கப்படும் மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரை வாரத்தில் ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டியது. தினமும் மூன்று வேளை மாத்திரை சாப்பிட்டுப் பழகிய நம் ஆட்கள் இதையும் தினமும் விழுங்கி உயிருக்கு ஆபத்தான நிலைக்குப் போவதுண்டு. வீட்டில் யாருக்காவது எழுதிக் கொடுத்திருந்தால், எந்தக் கிழமை என்று காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இன்னொரு வகை. நம் தொழிலில் உட்கார்ந்தே இருப்பவர்கள் அதிகம், சர்க்கரையும் அதிகம். வாடிக்கையாளருக்கு வணக்கம் சொல்லக் கை கூப்பும்போது கவனித்துப் பாருங்கள். இரண்டு உள்ளங்கையும் விரல்களும் இடைவெளி இல்லாமல் ஒட்டுகின்றனவா? பல வருடச் சர்க்கரையால் விரல் தோலும் தசைநாரும் தடித்துப் போனவர்களுக்கு நடுவில் சந்து தெரியும். தோள் உறைந்து, மேல் அலமாரியில் இருக்கும் டப்பாவுக்குக் கை போகாத நிலையும் சர்க்கரைக்காரர்களுக்கு அதிகம். இங்கே முதல் மருந்து சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டு வருவதுதான்.

சிக்குன்குனியாவை மறந்துவிடக் கூடாது. 2006-ல் தமிழ்நாடு முழுவதும் பரவியபோது நம் தெருக்களில் பாதிப் பேர் குனிந்துதான் நடந்தோம். காய்ச்சல் ஒரு வாரத்தில் போனாலும் சிலருக்குக் காலை இறுக்கம் பல மாதங்கள் நீடிக்கும். அந்தப் பெயரே வலியால் வளைந்து போவதைக் குறிக்கும் ஆப்பிரிக்கச் சொல். 1950களின் தொடக்கத்தில் இன்றைய தான்சானியா நாட்டில் இந்த நோயைக் கண்டறிந்தபோது வைத்தது.

இதுவரை சொன்னது எந்த ஊர் வணிகருக்கும் பொருந்தும். இனிச் சொல்வது நம் பகுதிக்கே உரியது. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததும் இதற்காகத்தான்.

2004 பிப்ரவரி வரை கிருஷ்ணகிரியும் தர்மபுரியும் ஒரே மாவட்டம். மாவட்டம் பிரிந்தாலும் நிலத்தடிப் பாறை பிரியவில்லை. நம் மண்ணுக்குப் பேர் வாங்கித் தரும் கிரானைட் வகைப் பாறைகளில் புளோரைடு கலந்த தாதுக்கள் இருக்கின்றன. பாறை இடுக்கில் நெடுங்காலம் தேங்கிய நீரில் அந்தப் புளோரைடு கரைந்து வருகிறது. தண்ணீருக்கு நிறம் மாறாது, வாடை வராது, உப்புக் கரிக்காது. பார்ப்பதற்கு நல்ல தண்ணீர். இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை புளோரைடு இருக்கலாம் என்கிறது; வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுத்துக் கொள்ளலாம் என்கிறது. இரு மாவட்டங்களிலும் பல கிணறுகள் இந்த அளவைத் தாண்டியவை. அதனால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே "புளோரோசிஸ் பாதிப்பு குறைப்பு" என்ற சொற்களும் சேர்ந்திருக்கின்றன. 2008-ல் அடிக்கல் நாட்டி, ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு, சுமார் 1,928 கோடி ரூபாய் மதிப்பீட்டில் கட்டி, 2013 மே மாதம் தொடங்கி வைத்தார்கள். காவிரித் தண்ணீரை இத்தனை செலவு செய்து மலைமேட்டுக்கு ஏற்றிக் கொண்டுவர ஒரு முக்கியக் காரணம் பல்லும் எலும்பும்தான் என்பது நம்மில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

புளோரைடு என்றதும் நாம் பல்லைத்தான் நினைக்கிறோம். பழுப்புக் கறை, கோடு கோடாக இருக்கும் முன்பற்கள். "என் பல் வெள்ளையாகத்தானே இருக்கிறது, எனக்கு அந்தச் சிக்கல் இல்லை" என்று ஒரு நண்பர் சொன்னார். இங்கேதான் தப்புக் கணக்கு. பல் உருவாகும் சிறு வயதில், ஏறத்தாழ எட்டு வயதுக்குள், அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்குத்தான் பல்லில் கறை விழும். வெளியூரில் பிறந்து, இருபத்தைந்து வயதில் இங்கே கடை வைக்க வந்தவருக்குப் பல் முத்துப் போல் இருக்கும். ஆனால் இருபது வருடமாக அவர் குடித்த தண்ணீரின் புளோரைடு எலும்பில் சேர்ந்துகொண்டே இருக்கும். நம் வணிகர்களில் வெளியூரிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

எலும்பில் சேரும் புளோரைடு முதலில் காட்டும் அடையாளம் என்ன தெரியுமா? கழுத்து, இடுப்பு, முட்டி, இடுப்பு மூட்டு ஆகியவற்றில் வலியும் இறுக்கமும். மூட்டுத் தேய்மானம் போலவே, முடக்குவாதம் போலவே இருக்கும். பார்ப்பவர்களும் அதற்கே மருந்து கொடுப்பார்கள். பல வருடம் கழித்துத்தான் முதுகெலும்பு மூங்கில் போல இறுகி, தலையைத் திருப்ப உடம்பையே திருப்ப வேண்டிய நிலை வரும். அந்த நிலைக்குப் போனபின் திரும்ப வழியில்லை. தொடக்கத்திலேயே தண்ணீரை மாற்றினால் வலியும் இறுக்கமும் சில மாதங்களில் குறைவதுண்டு.

இந்த நோயை இந்தியாவில் முதன்முதலாக விவரித்து எழுதியது நம் பழைய சென்னை மாகாணத்தில்தான். 1937-ல் நெல்லூர் மாவட்டத்தில் ஷார்ட் என்ற மருத்துவரும் அவரது குழுவினரும் ஆய்ந்து எழுதினார்கள். மருத்துவர்களுக்கு முன்பே விவசாயிகள் தங்கள் உழவு மாடுகளில் இதைக் கண்டுகொண்டார்கள் என்று சொல்வதுண்டு. புதிதாக வாங்கி வந்த மாடு சில மாதங்களில் கால் பிடித்துக்கொண்டு ஏருக்கு வராமல் நின்றதாம். சந்தையில் மாட்டை நடக்க விட்டுப் பார்த்து வாங்கும் நம் ஊர்க்காரர்களுக்கு இது புரியும்.

வீட்டிலேயே செய்து பார்க்க மூன்று எளிய சோதனைகளைக் களப் பணியாளர்கள் பயன்படுத்துகிறார்கள். தரையில் ஒரு நாணயத்தைப் போட்டு, முட்டியை மடக்காமல் குனிந்து எடுங்கள். தலையைக் குனிந்து மோவாயால் நெஞ்சைத் தொடுங்கள். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, முழங்கையை மடக்கிப் பிடரியைத் தொடுங்கள். மூன்றும் தடையில்லாமல் வந்தால் நல்லது. வராவிட்டால் அது புளோரைடுதான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். தொப்பை இருந்தாலும் நாணயம் எட்டாது. உறைந்த தோள் உள்ளவருக்குக் கை பின்னால் போகாது. வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒன்றுபோல் வராமல் இருந்து, எல்லோரும் ஒரே ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிப்பவர்களாக இருந்தால் அப்போது சந்தேகம் வலுக்கிறது. சிறுநீரில் புளோரைடு அளவும், முன்கை எலும்பின் எக்ஸ்ரேயும் பார்த்தால் மருத்துவருக்கு விவரம் தெரிந்துவிடும். எலும்புக்கு எக்ஸ்ரே எடுக்கும்போது "நான் குடிப்பது போர் தண்ணீர்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். கேட்காமல் விட்டுவிட வாய்ப்புண்டு.

"நாங்கள் காய்ச்சித்தான் குடிக்கிறோம்" என்பார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், புளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். மெழுகுவர்த்தி வடிகட்டியும் இதற்குப் பயன்படாது. ஆர்.ஓ. இயந்திரம் புளோரைடைக் குறைக்கும். ஆனால் அதன் சவ்வை உரிய காலத்தில் மாற்ற வேண்டும். இன்னொரு பெரிய ஓட்டை இருக்கிறது. குடிப்பதற்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணீரோ கேன் தண்ணீரோ பிடித்துவிட்டு, சோறு வடிக்கவும் களி கிண்டவும் குழம்பு வைக்கவும் போர் தண்ணீரையே ஊற்றுகிறோம். ஒரு படி அரிசி எவ்வளவு தண்ணீரை உள்ளே இழுக்கிறது என்று அரிசிக்காரர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. கேழ்வரகுக் களி அதைவிட அதிகம் இழுக்கும். சமையலுக்கும் அதே நல்ல தண்ணீர் வேண்டும். ஒகேனக்கல் குழாய் வரும் வீடுகளில் அந்தத் தண்ணீரைத் தனிக் குடத்தில் பிடித்துக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் வைத்துக்கொண்டு, குளிக்கவும் துவைக்கவும் போர் தண்ணீரை வைத்துக் கொள்ளலாம். தோலில் படும் புளோரைடால் இந்த நோய் வருவதில்லை. மொட்டை மாடியில் முறையாகப் பிடித்த மழைநீரில் புளோரைடு மிக மிகக் குறைவு.

டீயைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடையில் உட்கார்ந்திருந்தால் வருகிறவர்களோடு சேர்ந்து ஏழெட்டு டீ ஆகிவிடுகிறது. தேயிலைச் செடி மண்ணிலிருந்து புளோரைடை இழுத்து இலையில் சேர்த்து வைக்கும் இயல்புடையது. முற்றிய இலையில் அதிகம். முற்றிய இலைகளை அழுத்திச் செய்யும் கட்டித் தேயிலையைக் காலம் காலமாகக் குடிக்கும் திபெத்தியரிடையே இந்த எலும்பு நோய் உண்டு. அமெரிக்காவில் 47 வயதுப் பெண் ஒருவர் பதினேழு வருடங்களாகத் தினமும் நூறு முதல் நூற்றைம்பது தேயிலைப் பைகள் போட்ட டீயைக் குடித்து எலும்பு நோய்க்கு ஆளானதை 2013-ல் அங்குள்ள மருத்துவ இதழ் வெளியிட்டது. அந்த அளவு நாம் யாரும் குடிப்பதில்லை. ஆனால் புளோரைடு மிகுந்த தண்ணீரில் போட்ட டீ என்றால் இரண்டு வழியாகவும் சேர்கிறது. நாளைக்கு இரண்டு மூன்றோடு நிறுத்திக்கொண்டு மோர் குடிக்கலாம். பாலிலும் மோரிலும் உள்ள சுண்ணாம்புச் சத்து புளோரைடு உடம்பில் சேர்வதைக் குறைக்கும்.

அடுத்து மாத்திரை விஷயம். இதைச் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அரிசி மண்டி நடத்தும் நண்பர் ஒருவர் நான்கு வருடமாகத் தினம் காலையில் ஒரு வலி மாத்திரை போட்டுக்கொண்டுதான் மண்டிக்குப் போவார். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உண்டு. "அரை மணியில் கை கால் சரியாகி விடுகிறது, பிறகு என்ன?" என்பார். ஒரு நாள் கால் வீங்கியது. இரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்தபோது சிறுநீரகம் பாதிக்கு மேல் கெட்டிருந்தது. வலி மாத்திரைகள் நோயைத் தொடுவதில்லை, வலியை மறைக்கின்றன. தொடர்ந்து சாப்பிட்டால் குடலில் புண் வரும். அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்களுக்குச் சிறுநீரகம் போகும். மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மட்டும் சாப்பிடலாம், அதற்கு மேல் கூடாது. பெயரும் முகவரியும் இல்லாத பொட்டலப் பொடிகளைச் சந்தையிலும் பஸ் நிலையத்திலும் "மூன்றே நாளில் முட்டி வலி போகும்" என்று விற்கிறார்கள். மூன்று நாளில் போகிறது என்றாலே அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கக் கூடும் என்று சந்தேகப்படுங்கள். முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு இளகும். பல மாதம் சாப்பிட்டவர்கள் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தை மருத்துவரிடம் காட்டிவிட்டு அவர் சொன்னபடி நிறுத்த வேண்டும்.

நம் பக்கத்துக் குறையையும் ஒப்புக் கொள்வோம். சில மளிகைக் கடைகளிலும் பெட்டிக் கடைகளிலும் ஷாம்பு பாக்கெட்டோடு வலி மாத்திரை அட்டையும் தொங்குகிறது. உரிமம் இல்லாமல் அத்தகைய மாத்திரை விற்பது சட்டப்படி குற்றம். ஒரு அட்டையில் கிடைக்கும் லாபம் எவ்வளவு என்று நமக்கே தெரியும். அதை இறக்கி வைத்துவிடுவது நல்லது.

முடக்கத்தான் கீரை தோசையைப் பற்றிக் கேட்பார்கள். தாராளமாகச் சாப்பிடுங்கள். நம் வீடுகளில் பழகிய கீரை, உடம்புக்கு நல்லது. ஆனால் அதை நம்பி முடக்குவாத மருந்தை நிறுத்தியவர்கள் யாரும் நன்றாக இருக்கவில்லை.

தேய்மான வகை இறுக்கத்துக்கு நாமே செய்யக் கூடியது நிறைய இருக்கிறது. கண் விழித்தவுடன் எழுந்து ஓட வேண்டாம். படுத்தபடியே கணுக்காலை மேலும் கீழுமாக இருபது முறை அசையுங்கள். ஒவ்வொரு முட்டியாகப் பத்து முறை மடக்கி நீட்டுங்கள். முட்டிக்கு அடியில் மடித்த துண்டை வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்தி ஐந்து எண்ணும் வரை பிடித்து விடுங்கள். இதுவும் பத்து முறை. தொடைத் தசை வலுப்பெற்றால் முட்டியின் பாரம் குறையும். விரல்களை விரித்து மூடுங்கள். மொத்தம் ஐந்து நிமிடம். ஐந்து மணிக்கு எழுபவர் நாலு ஐம்பத்தைந்துக்கு அலாரம் வைத்தால் போதும். பிறகு வெந்நீர்க் குளியல். கை மட்டும் இறுகுபவர்கள் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் வைக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்குக் கால் மரத்திருக்கும், சூடு தெரியாமல் வெந்துவிடும். முழங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுக் காலை வையுங்கள்.

கடையிலும் சில மாற்றங்கள் வேண்டும். திண்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கல்லா பார்ப்பது நம் பழக்கம், அழகும் கூட. முட்டி கெட்டவர்களுக்கு அது ஆகாது. பாதம் தரையில் படும் உயரத்தில் ஒரு நாற்காலி போட்டுக் கொள்ளுங்கள். அப்பாவின் திண்டை எடுத்துப் போடுகிறோமே என்று ஒரு உறுப்பினர் வருந்தினார். திண்டை முதுகுக்கு வைத்துக் கொள்ளச் சொன்னோம். எடை போடும் தராசை இடுப்பு உயரத்துக்கு ஏற்றுங்கள். அதிகம் விற்கும் சரக்கு இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கட்டும்; மாதம் ஒரு முறை விற்பது தரையிலும் உச்சியிலும் போகட்டும். ஷட்டர் ரோலருக்குக் கிரீஸ் போட்டு எத்தனை வருடம் ஆயிற்று? மூட்டையை இறக்க ஆள் கூலி பார்த்து மிச்சம் பிடிக்க வேண்டாம். அரை மணிக்கு ஒரு முறை எழுந்து கடை வாசல் வரை போய் வாருங்கள். உடல் எடை ஒரு கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வொரு அடியிலும் முட்டியின் மேல் விழும் பாரம் நான்கு கிலோ குறைகிறது என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். ஐந்து கிலோ குறைத்தவருக்கு என்ன லாபம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

தள்ளிப் போடக் கூடாதவையும் உண்டு. ஒரே ஒரு மூட்டு திடீரென்று சிவந்து வீங்கிக் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கால் பலமிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு மாறினாலோ அப்படியே. வீட்டு இளைஞர்களில் யாராவது விடியற்காலை மூன்று நான்கு மணிக்கு இடுப்பு இறுகி விழித்துக்கொண்டு, நடந்தபின் சரியாகிறது என்றால் அது "கம்பெனி வேலைக் களைப்பு" என்று தள்ளாதீர்கள். முதுகெலும்பு வாதம் இளவயது ஆண்களுக்கு அப்படித்தான் தொடங்கும். கிருஷ்ணகிரியில் 2022 ஜனவரியில் தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. வேறு ஊருக்குப் போக வேண்டுமானால் சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் மூட்டு நோய்களுக்கென்றே தனிப் பிரிவு உண்டு.

போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். பழைய கணக்கு நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி இரண்டு வாரம் எழுதுங்கள். எழுந்த நேரம், கை கால் வசத்துக்கு வந்த நேரம், எந்த மூட்டு, ஒரு பக்கமா இரு பக்கமா, வீக்கம் உண்டா, அன்று என்ன மாத்திரை சாப்பிட்டோம். மருத்துவர் பத்து நிமிடம் கேட்டு அறிய வேண்டியதை அந்த ஒரு பக்கம் சொல்லிவிடும்.

தண்ணீரைச் சோதிக்கக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தை அணுகலாம். பக்கத்துக் கடைக் கிணற்றின் முடிவு உங்கள் கிணற்றுக்குப் பொருந்தாது. ஐம்பதடி தள்ளினால் பாறை மாறும், ஆழம் மாறினால் நீரும் மாறும். மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான ஒரு லிட்டர் பிளாஸ்டிக் கேனை அதே தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிட்டு நிரப்புங்கள். கண்ணாடிப் பாட்டில் வேண்டாம், புளோரைடு கண்ணாடியோடு சேரும். கேனின் மேல் எந்தக் கிணறு, எத்தனை அடி ஆழம், என்ன தேதி என்று எழுதி ஒட்டி விடுங்கள். கடைக் கிணறும் வீட்டுக் கிணறும் வேறு வேறானால் இரண்டு கேன்.